நாலு சாண் ஒயரும் இடது காதும்

அந்த வீட்டு ஹாலில் ஒரு நாற்காலி இருந்தது. வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது என்று எவரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் தையலக்கா ஒன்றரை வருஷமாக அதில் உட்காரவில்லை. உட்கார மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சொன்னபிறகு கால் ஒடிந்து விழுந்தாலும் தரையில்தான் விழுவாளே தவிர அந்த நாற்காலியைப் பிடிக்கமாட்டாள். அப்படிப்பட்ட பிறவி.

தையலக்கா என்பது தெரு வைத்த பெயர். தாய் போனபோது அவளுக்குப் பதினாலு வயசு, தம்பிக்கு அஞ்சு. அவனுக்குச் சோறு போட்டாக வேண்டும் என்று ஒரு துணி ஆலையில் பட்டன் துளை தைக்கப் போனாள். பட்டன் துளையிலிருந்து காலர், காலரிலிருந்து முழுச் சட்டை. பிறகு சொந்தமாக ஒரு மெஷின். நாற்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போது பள்ளிக்கூடச் சீருடை மட்டும்தான் தைக்கிறாள். தெருவில் பிள்ளைகள் போனால் பெயர் நினைவுக்கு வராது, இடுப்பளவுதான் வரும். "அந்த இருபத்திரண்டரைக்கு ரெண்டு நாளா காய்ச்சலாமே" என்பாள். கேட்கிறவர்களுக்கும் யாரென்று விளங்கிவிடும்.

அவள் வீட்டுக்காரர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் நாற்பதைத் தாண்டி வண்டியை விட்டதில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே 'நாப்பது'. பின்னால் சைக்கிள்காரன் மணியடித்து வழி கேட்டாலும் அவர் அசைய மாட்டார். பிள்ளை இறங்கும்போது அவர் கண்ணாடியைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, காதையும் சாய்த்துக் கேட்பார். கதவு இடது பக்கம், படி மூன்று. மூன்று காலடி கேட்க வேண்டும். மூன்றாவது கேட்ட பிறகுதான் கால் கிளட்சுக்குப் போகும். ஒருமுறை இரண்டாவது காலடியோடு சத்தம் நின்றுவிட்டது. அவர் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ப் பார்த்தால், ஒரு சின்னது செருப்பின் வார் கதவில் மாட்டிப் படியிலேயே குந்தியிருக்கிறது. அன்றிலிருந்து அவருக்குத் தன் இடது காதின்மேல் தனி மரியாதை.

இதுவரைக்கும் நல்ல மனுஷர்தான். ஆனால் வீட்டுக்குள் வந்தால் பாட்டுப் பைத்தியம். பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, பெட்டிப் பைத்தியம். யாரோ வீடு காலி செய்துகொண்டு போகும்போது சத்தத்தைப் பெருக்குகிற ஒரு பழைய ஆம்பும், ஆள் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். வந்த அன்றே தையலக்காவின் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலை அளக்க ஆரம்பித்தார். சுவரிலிருந்து இந்த ஸ்பீக்கர் இவ்வளவு, அந்த ஸ்பீக்கர் இவ்வளவு, நாற்காலி சரியாக நடுவில். தரையில் சாக்கட்டியால் நாலு கோடு. அந்தச் சாக்கட்டியும் அவளுடையதுதான்.

நடுவில் இடைஞ்சலாக நின்றது அவளுடைய தையல் மெஷின். ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடம், பதினாறு வருஷமாக அவள் உட்கார்ந்த இடம். இடைஞ்சல் மட்டுமில்லை, மெஷின் மோட்டார் ஓடினால் ஸ்பீக்கரில் 'ட்ர்ர்' என்று வருகிறதாம். ஒருநாள் அவள் பட்டன் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால், மெஷின் படுக்கையறை மூலையில் பீரோ நிழலில் நிற்கிறது. அவள் ஒன்றும் கத்தவில்லை. "நல்லது. அந்த நாற்காலியில நான் இனிமே உக்காந்தா என்னைக் கேளுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு கேட்க ஒரு நாற்காலி போதுமே.

தம்பி மேடைக்கு ஒலி அமைக்கிற வேலையில் இருந்தான். கூட்டம், நாடகம், பாட்டுக் கச்சேரி, எதுவானாலும் அவனுடைய பெட்டிகள் போகும். ஊருக்கு அவன் 'மைக்'. கைவேலை சுத்தம். பத்து விரலும் ஈயப் பற்று வைத்துச் சுட்ட தழும்பு. வாய்தான் அடங்காது, பிடிவாதமும் அக்காள் பாலூட்டாமல் ஊட்டியது.

ஒருநாள் டிரைவர் மச்சானோடு ஒரு மண்டபத்துக்குப் போனார். அங்கே தரையெங்கும் கட்டைவிரல் பருமனில் கறுப்பு ஒயர்கள். முனையில் மூன்று முள் வைத்த உருண்டைப் பிளக். உள்ளே தள்ளினால் 'க்ளக்' என்று பூட்டிக்கொள்கிறது. டிரைவர் அந்தச் சத்தத்தில் மயங்கிவிட்டார். இதற்குப் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். பேலன்ஸ்டு என்று சொல்லியிருக்கிறான். அப்போ எங்க வீட்டுல இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அது அன்பேலன்ஸ்டு என்று சொல்லியிருக்கிறான். அந்த 'அன்' அவர் நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், இத்தனை நாள் நிலைதப்பின பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோமே என்று புலம்பினார்.

ஒரு மாசத்துக்குள் எங்கேயோ பிடித்து ஒரு சி.டி. பிளேயரைக் கொண்டுவந்துவிட்டார். அதன் முதுகில் மூன்று முள் ஓட்டை இரண்டு இருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

மச்சானைக் கூப்பிட்டு ஒயர் செய்யச் சொன்னார். அங்கேதான் பிடித்தது வினை.

மைக் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். தையலக்கா துணிக்கு ஓரம் மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மேடையிலிருந்து மண்டபத்தின் கடைசி வரைக்கும் அறுபது மீட்டர் ஒயர் ஓடும், வழியெல்லாம் விளக்குக்குப் போகிற கரண்டு ஒயர்கள் குறுக்கே கிடக்கும், அந்த இரைச்சலெல்லாம் பாட்டின்மேல் ஏறிக்கொள்ளும். அதற்காகத்தான் உள்ளே இரண்டு கம்பி. ஒன்று பாட்டை நேராகத் தூக்கிக்கொண்டு போகும், மற்றது அதே பாட்டைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போகும். வழியில் ஏறுகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் தலைகீழாக வந்ததைப் புரட்டி மற்றதோடு சேர்த்தால் பாட்டு ஒன்றுசேர்ந்து வலுக்கும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும். அவ்வளவுதான் பேலன்ஸ்டு. அவளுக்கு அது உடனே பிடிபட்டது. காலரை உள்பக்கமாகத் தைத்துப் புரட்டினால் பிசிறெல்லாம் உள்ளே போய்விடுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். பிடிபடாதது வீட்டுக்காரருக்குத்தான்.

"இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவுல நாலு சாண் தூரம், அத்தான். இதுல இரைச்சல் ஏறணும்னா அது ஓடிவந்து குதிச்சுத்தான் ஏறணும்" என்றான் மைக்.

அதோடு அவருடைய பழைய ஆம்பின் முதுகில் சாதா ஒற்றை முள் ஓட்டைதான் இருந்தது. புரட்டுகிற வேலையை அங்கே யார் செய்வது? ஒரு முனையில் மூன்று முள்ளும் மறுமுனையில் ஒற்றை முள்ளும் வைத்தால், ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்பும் போட்ட மாதிரி. நடக்கலாம், ஆனால் அதைப் பூட்ஸ் என்று சொல்லக் கூடாது. கடையில் கிடைக்கிற சாதா ஒயரே இந்த வீட்டுக்குத் தாராளம் என்று அவன் முடித்தான்.

டிரைவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "உன்னால முடியுமா, முடியாதா?" என்றார்.

மைக்கிடம் முடியாதா என்று கேட்பதும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதும் ஒன்று. முகம் சிவந்துபோய்ப் பைக்குள் கையை விட்டு இரண்டு மேடை ஒயரை உருவினான். ஒவ்வொன்றையும் நாலு சாணுக்கு நறுக்கி, ஒரு பக்கம் இருந்த மூன்று முள் பிளக்கை அப்படியே விட்டுவிட்டு, மறுபக்கம் ஒற்றை முள்ளைப் பற்ற வைக்க ஆரம்பித்தான். டிரைவர் அவன் தோளுக்கு மேலே குனிந்து நின்றுகொண்டு, அழகாக இல்லையே, பின்னல் உறை போட்டால் என்ன, கறுப்பில் பளபளப்பாக வருமே என்று காதிலேயே ஓதினார். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு ஒயருக்கும் பின்னல் உறையை மாட்டி, முனையைச் சுட்டு ஒட்டி, மேஜையில் போட்டுவிட்டுக் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் போனான். போகும்போது, என் கையால் பற்ற வைத்த ஒயர், இனி இதில் குறை என்று யாரும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாளே குறை வந்தது. இடது பக்கம் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். பாட்டு ஓடும்போது தெரியாது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும், எழுந்து நின்றால் மின்விசிறிச் சத்தத்தில் மறைந்துவிடும். டிரைவர் மனைவியைக் கூப்பிட்டு, வந்து உட்கார்ந்து கேள் என்றார். அவள் எப்படி உட்காருவாள்? கதவில் சாய்ந்து நின்றபடி, "எனக்கு எல்லாம்தான் கேக்குது. ஃபேன் கேக்குது, ஃப்ரிட்ஜ் கேக்குது, நீங்க பேசறதும் கேக்குது" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். அவள் பங்குக்கு அவளும் பிடித்த பிடியை விடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மைக் இரண்டு தடவை வந்தான். முதல் தடவை நின்றபடியே கேட்டுவிட்டு, ஆம்புக்கு வயசாகிவிட்டது என்றான், பிளக் போர்டை மாற்றினான். இரண்டாம் தடவை, ஒரு சாதா ஒயரைப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று பையைத் திறந்தான். சாதா ஒயர் இந்த வீட்டுப் படி ஏறாது என்று டிரைவர் கையைக் குறுக்கே நீட்டினார். அப்போ நீங்க ஒயரைச் சந்தேகப்படவில்லை அல்லவா என்று இவன் கேட்டான். உன் ஒயர் நல்லதா கெட்டதா என்று அவர் கேட்டார். மண்டபத்தில் ஆயிரம் பேர் கேட்கிற ஒயர், நல்ல ஒயர் என்று இவன் சொன்னான். இப்படியே போய்ப் போய், கடைசியில் பையை மூடிக்கொண்டு ஒரு வார்த்தையை விட்டான்.

"ஒயர் நல்லது, பெட்டி நல்லது. அத்தான், முதல்ல உங்க காதைப் போய்ப் பாருங்க."

சொன்னவன் போய்விட்டான். சொன்னது வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு டிரைவர் முனகலைப் பற்றிப் பேசவே இல்லை. நிம்மதி என்றுதான் தையலக்கா முதலில் நினைத்தாள். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். சாப்பிடும்போது அவளை வலது பக்கம் உட்காரச் சொன்னார். குளித்துவிட்டு வந்தால் இடது காதுக்குள் துண்டு முனையை விட்டுக் குடைந்துகொண்டே நிற்பார். விடுமுறையிலும் கழுவுவதற்காகப் பஸ்ஸை எடுப்பார், அதில் எஞ்சின் பெட்டியும் அவருக்கு இடது பக்கம்தானே, அது 'ம்ம்ம்' என்றாலும் காதுதான் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. எந்த விஷயத்திலும் தன்மேல் தப்பு இருக்கும் என்று முப்பது வருஷமாக ஒப்புக்கொள்ளாத மனுஷர், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் வாதாடாமல் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தது. திங்கட்கிழமை திறக்கிறது. ஒவ்வொரு வருஷமும் திறக்கிற அன்று டிரைவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தையலக்கா அடிநூல் சுற்றுகிற பாபின் தேடி ஹால் அலமாரி இழுப்பறையைத் திறந்தபோது, நூல் கட்டைகளுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாள் கிடந்தது. அவர் கையெழுத்து. எழுத்து ஒவ்வொன்றும் வரிசையாக இடைவெளி விட்டு நின்றது, அவர் வண்டி நிறுத்துகிற மாதிரியே.

'என் இடது காதில் ஓயாமல் இரைச்சல் இருக்கிறது. பிள்ளை இறங்கிவிட்டதா என்று இனி என்னால் உறுதியாகக் கேட்க முடியாது. பரிசோதனையில் தேறினாலும் நான் வண்டி எடுப்பது சரியல்ல. திங்கட்கிழமை முதல் என்னை வேலையிலிருந்து விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இருபத்தாறு வருஷம். ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்புக்கூட இல்லை. யாரோ மைக் பிடிக்கிறவன் போகிற போக்கில் சொன்னான் என்று எழுதி வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால்தான் என்ன, ஃபேன் கேக்குது, ஃப்ரிட்ஜ் கேக்குது என்று நான் சொல்லியிருப்பேன் என்றும் தோன்றியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. தாளை மடித்துத் தன் மெஷின் மேஜைக்கு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை அவள் வீடு தூசி தட்டுகிற நாள். டிரைவர் பஸ்ஸைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று காலையிலேயே கிளம்பிவிட்டார். கடைசியாகக் கழுவுகிறார் என்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அவள் பழைய காலர் துணியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் புகுந்தாள். ஒன்றரை வருஷமாக அந்தப் பெட்டிகளை அவள் தொட்டதில்லை. முன்பக்கம் அவர் துடைப்பார், முதுகுப்பக்கம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கோபத்தில் துடைக்கிறவள் மேலோட்டமாகவா துடைப்பாள்? பூட்டு நாக்கை அமுக்கி இரண்டு ஒயரையும் பிடுங்கினாள், தரையில் போட்டு உறையோடு துடைத்தாள், ஓட்டைகளை ஊதினாள், திரும்ப மாட்டினாள். 'க்ளக்', 'க்ளக்'. எது இடது, எது வலது என்று யார் கண்டது. இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே நீளம்.

பத்து மணிக்கு அவர் வந்தார். கை கால் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் படுக்கையறையில் ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஒன்று ஓடி முடிந்தது. அடுத்தது வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கதவருகே வந்து நின்றார். முகம் தண்ணீர் வற்றின மாதிரி இருந்தது.

"வலதும் போச்சு."

"எது போச்சு?"

"காது. நேத்து வரைக்கும் இடது மட்டும்தான். இன்னிக்கு இடது தெளிஞ்சு போச்சு, வலதுல வந்துருச்சு."

தையலக்கா மெஷினிலிருந்து காலை எடுத்தாள். மனிதருக்கு ஒரு காது ஒரே காலையில் தெளிந்து, இன்னொரு காது அதே காலையில் கெட்டுப்போகுமா என்று ஒரு நொடி யோசித்தாள். யோசனை நேராகத் தூசித் துணியில் போய் நின்றது. காலையில் ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன் என்று சொன்னாள். மாற்றி மாட்டியிருப்பேன் என்றும் சொன்னாள்.

"ஒயருக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? ஒயர் நல்லதுன்னு மாப்ளயே சொல்லிட்டான்" என்றார் அவர்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. அவரைக் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியைப் பிடித்து அப்படியே பின்பக்கமாகத் திருப்பினாள். சாக்கட்டிக் கோடு அழிகிறது என்று அவர் பதறினார். அழியட்டும் என்றாள். சுவரைப் பார்த்து உட்காருங்கள், ஸ்பீக்கர் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், இப்போது எந்தக் காதில் கேட்கிறது என்று கேட்டாள்.

அவர் உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"இடதுல" என்றார் மெதுவாக.

"இப்படித் திரும்பினா?"

"வலதுல."

"உங்க காது என்ன, திருப்பத்துக்குத் திருப்பம் இண்டிகேட்டரா போடுது?"

அவர் எழுந்து நின்று ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு தடவை திரும்பி உட்கார்ந்திருந்தால் போதும். மூன்று வாரமாக யாருக்கும் தோன்றவில்லை. நாற்காலி கோட்டின்மேல் இருந்ததால் அவருக்குத் தோன்றவில்லை, கைவேலையில் குறை இருக்காது என்பதால் அவனுக்குத் தோன்றவில்லை. இவளுக்கோ சபதம். இன்னும் அவர் முகத்தில் பாதிதான் நம்பிக்கை. காதே இப்படி ஏமாற்றுகிறதோ என்று நிற்கிறார். வேறு ஒரு காது கேட்டுச் சொன்னால்தான் தீரும். வீட்டில் இருக்கிற வேறு காது அவளுடையதுதான்.

தையலக்கா நாற்காலியைப் பார்த்தாள். ஒன்றரை வருஷம். புடவை முந்தானையால் அதை ஒரு தட்டு தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

கேட்டது. வலது பக்கம், மூடிய அறைக்குள் யாரோ வாயைத் திறக்காமல் முணுமுணுக்கிற மாதிரி. இத்தனை நாள் இந்த மனுஷர் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

"கேக்குதுங்க. எனக்கும் கேக்குது" என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பிக்குப் போன் போட்டாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். வேலையில் இருக்கிறேன், பெட்டி இறக்குகிறேன் என்றான். இறக்கி வைத்துவிட்டு வா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அக்காள் இரண்டு வரிக்குள் பேசி முடித்தால் விஷயம் வேறு என்று அவனுக்கு ஐந்து வயசிலிருந்தே தெரியும். அரை மணியில் பையோடு வந்து நின்றான்.

வந்ததும் பழைய கதைதான். இடது வலது மாறினால் பிளேயராக இருக்கலாம், பிளக் அழுக்காக இருக்கலாம், என் ஒயரில் மட்டும் இருக்காது என்று ஆரம்பித்தான். அவள் பேசவிட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே, தையல் பிரிக்கிற ஊசிக்கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, முனகுகிற ஒயரை மடியில் போட்டு, மூன்று முள் முனைப் பக்கம் பின்னல் உறையில் குத்தி ஒரே இழுப்பாக இழுத்தாள். உறை கிழியும் அக்கா என்று அவன் கையை நீட்டினான். அதற்குள் கிழிந்துவிட்டது. உள்ளே, பிளக்குக்கு இரண்டு விரல் கீழே, மோதிரம் மாதிரி ஒரு சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

மைக் அதைப் பார்த்தான். நீட்டின கை அப்படியே நின்றது.

"சிவப்பு டேப் எதுக்கு மாப்ள?" என்று கேட்டார் டிரைவர்.

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னான். ஒயருக்குள் இரண்டு கம்பியையும் சுற்றி ஒரு வலைக்கம்பி இருக்கும். மேடையில் சில சமயம் இந்தப் பெட்டிக்குக் கரண்டு ஒரு இடத்திலிருந்தும், அந்தப் பெட்டிக்கு வேறு இடத்திலிருந்தும் வரும். அப்போது வலைக்கம்பி இரண்டு முனையிலும் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே முனகும். அதனால் சில ஒயர்களில் ஒரு முனையில் வலையை வேண்டுமென்றே வெட்டிவிடுவான். வெட்டினதற்கு அடையாளம் சிவப்பு டேப். இரண்டு கம்பி இருக்கிற மேடையில் அது முனகலை நிறுத்துகிற வித்தை. ஆனால் இந்த வீட்டு ஆம்பில் ஒற்றை முள். பாட்டு ஒரு கம்பியில் போனால் திரும்பி வருவதற்கு அந்த வலைதான் வழி. அது வெட்டிக் கிடந்ததால், ஒரு பக்கத்துப் பாட்டு மறுபக்கத்து ஒயர் வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு வந்திருக்கிறது. சுற்றுகிற வழியில் முனகலையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அன்றைக்குக் கோபத்தில் பையிலிருந்து உருவினபோது ஒன்று வலை வெட்டாதது, ஒன்று சிவப்பு டேப் சுற்றினது. பார்க்கவில்லை. பின்னல் உறையை அவன் கையாலேயே அதன்மேல் இழுத்து மூடிவிட்டான்.

தையலக்கா இழுப்பறைக் கடிதத்தில் இருந்ததை அப்போதுதான் தம்பியிடம் சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். திங்கட்கிழமை என்ற சொல் வந்தபோது மைக் தலையைத் தூக்கினான், உடனே குனிந்துகொண்டான்.

"மூணு வாரம் எங்க வீட்டு மனுஷனைச் செவிடாக்கி வெச்சிருந்தியேடா" என்றாள்.

"நான் தமாஷுக்குத்தான் அத்தான் சொன்னேன்."

"நான் தமாஷாக் கேக்கலையே, மாப்ள" என்றார் டிரைவர். கோபமாகச் சொல்லவில்லை. அது அவனுக்கு இன்னும் சுட்டது.

அவன் ஈயப் பற்று வைக்கிற கோலைச் சூடாக்கினான். பிளக்கைத் திறந்து வெட்டின வலையை இழுத்து முள்ளில் பற்ற வைத்தான். இந்தமுறை டிரைவர் தோளுக்கு மேலே குனியவில்லை. மாட்டினார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது. ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை அவர் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். தெருவில் ஒரு பிள்ளை செருப்புச் சத்தத்தோடு ஓடியது. அதையும் கேட்டார்.

பிறகு எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். கடிதம் எங்கே என்று கேட்டார்.

"பாக்கெட் அளவுக்குக் காகிதம் தேவைப்பட்டுச்சு, வெட்டிட்டேன்" என்றாள் தையலக்கா. மேஜையில், நீலத் துணியின்மேல் குண்டூசி குத்தி, ஒரு சட்டைப் பை வடிவத்தில் கிடந்தது. 'என் இடது காதில்' வரைக்கும் தெரிந்தது, மீதி வெட்டுப்பட்டிருந்தது. முனகல் இன்ன இடத்திலிருந்து வருகிறது என்று தெரிவதற்கு முன்னாலேயே, வெள்ளிக்கிழமை ராத்திரியே வெட்டிவிட்டாள். காது போயிருந்தாலும் அந்தக் கடிதம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காது. வேறு எழுத வேண்டுமானால் அவளிடம் சொல்லிவிட்டு எழுதட்டும் என்பது அவள் எண்ணம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், டிரைவர் ஒயரைத் தடவிக்கொண்டே மச்சானிடம் மெல்லக் கேட்டார், ஆம்பையும் மூன்று முள் வைத்ததாக மாற்றிவிட்டால் முழுக்க பேலன்ஸ்டு ஆகிவிடும் அல்லவா என்று. மைக் வாயைத் திறந்தான். அக்காள் முகத்தைப் பார்த்தான். டீ இருக்கிறதா என்று கேட்டான்.

தையலக்கா டீ போட எழவில்லை. வா என்று தம்பியைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டாள். அவன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்தார்கள். மெஷின் திரும்ப ஹாலுக்கு வந்தது, ஜன்னல் வெளிச்சத்துக்கு. இடது ஸ்பீக்கரை ஒரு முழம் தள்ள வேண்டியிருந்தது. அளவு டேப்பை யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பரிசோதனையில் டாக்டர் இரண்டு காதையும் பார்த்தார். இடது காது சுத்தமாக இருக்கிறது, வயசுக்கு நன்றாகவே கேட்கிறது என்றார். வலது காதில்தான் ஒரு உருண்டை அழுக்கு இருந்தது, எடுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் டிரைவர் அதையே மூன்று தடவை சொன்னார். நம்பினது எது, நம்பாதது எது பார்த்தாயா என்றார். பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே அவள் நூல் கோத்தாள்.

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். அவள் பெடலில் காலை வைத்தாள். ஸ்பீக்கரில் 'ட்ர்ர்' என்று வந்தது.

அவர் வாயைத் திறந்தார். அவள் காலை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டார்.